கார்பெட்டின் கால்கள்

1925-ல் நியூயார்க்கில் ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. இருவர் கையுறை மாட்டிக்கொண்டு ஸ்பாரிங் செய்கிறார்கள். ஒருவர் ஜீன் டன்னி. அடுத்த ஆண்டே ஜாக் டெம்ப்சியை வென்று உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஆகப்போகிறவர். மற்றவர் ஜேம்ஸ் ஜே. கார்பெட். அதே பட்டத்தை அவர் 1892-லேயே வென்றிருந்தார். மாடியில் நிற்கும்போது அவர் அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். விளையாட்டு எழுத்தாளர் கிராண்ட்லாண்ட் ரைஸ் தன்னுடைய குறும்படத் தொடருக்காக இருவரையும் சேர்த்துவைத்தார்.

இந்தப் படத்தைப் பார்க்கிறவர்கள் உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். "அந்தக் காலத்து ஆட்களுக்கு குத்துச்சண்டையே தெரியாது, கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடனம் ஆடுகிறார்கள்" என்பது ஒரு கட்சி. "இப்படி ஒருவர் இனிப் பிறக்கப்போவதில்லை" என்பது இன்னொன்று. இரண்டு பேரும் ஒரே படத்தைத்தான் பார்க்கிறார்கள்.

நான் அமெச்சூர் போட்டிகளில் ரிங் ஓரமாக உட்கார்ந்து மதிப்பெண் போடுகிறவன். சாயங்காலங்களில் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். ஒரு குத்து சரியாக விழுந்ததா, முழங்கையில் பட்டுச் சறுக்கியதா என்பதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் தீர்மானிக்க வேண்டிய வேலை. அதே வேலையை ஒரு நூற்றாண்டுப் பழைய படத்தை வைத்துச் செய்ய முடியுமா? முடியும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் எல்லோரும் பார்க்கிற இடத்தைப் பார்த்தால் முடியாது. பழைய படம் கைகளைப் பற்றிச் சொல்வதில் பாதிக்குமேல் நம்ப முடியாதது. கால்களைப் பற்றிச் சொல்வதைப் பெரும்பாலும் நம்பலாம்.

முதலில் வேகம். மௌனப்படக் காலத்தில் கேமராவின் கைப்பிடியைப் பெரும்பாலும் கையால்தான் சுற்றினார்கள். நொடிக்கு 16 ஃபிரேம் என்பது பொதுவான கணக்கு. சுற்றுகிறவரின் கை களைத்தால் அது குறையும், சண்டை சூடு பிடித்தால் தன்னையறியாமல் கூடும். அப்படி எடுத்ததைப் பிற்காலத்தில் நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் புரொஜெக்டரில் போட்டுவிட்டார்கள். மூன்று நிமிட ரவுண்டு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆட்கள் விறுக்விறுக்கென்று துள்ளுவார்கள். ரெஃப்ரியைப் பாருங்கள், ஓரத்தில் தண்ணீர் வாளியோடு ஓடும் ஆளைப் பாருங்கள். அவர்கள் நடையும் துள்ளலாக இருந்தால் படத்தின் வேகம் தப்பு.

சரியான வேகத்தைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி உண்டு. கீழே விழும் பொருளைத் தேடுங்கள். கையிலிருந்து நழுவிய ஸ்பாஞ்ச், துண்டைவிடக் கனமான வேறெதுவானாலும் சரி. ஒன்றேகால் மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொட அரை நொடி ஆகும். 1890-லும் அவ்வளவுதான், இன்றும் அவ்வளவுதான். அது விழுவதற்கு எட்டு ஃபிரேம் ஆகியிருந்தால் கேமரா 16-ல் ஓடியிருக்கிறது, பன்னிரண்டு ஆகியிருந்தால் 24-ல்.

வேகத்தைத் திருத்திய பிறகும் கைகளின் சிக்கல் தீராது. நொடிக்கு 16 ஃபிரேம் என்றால் இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே நொடியில் பதினாறில் ஒரு பங்கு போய்விடுகிறது. நல்ல ஜாப் (முன்னே நீட்டிய கையால் விடும் நேர்க்குத்து) ஒன்று புறப்பட்டுச் சேர இரண்டு மூன்று ஃபிரேம்தான். அதிலும் கேமராவின் ஷட்டர் ஏறக்குறைய பாதி நேரம் மூடியிருக்கும். கையுறை முகத்தைத் தொட்டு விலகும் அந்தக் கணம் ஷட்டர் மூடியிருந்த நேரத்துக்குள் முழுதாகவே விழுந்துவிடலாம். முதல் ஃபிரேமில் கை மார்புக்குப் பக்கத்தில் இருக்கும், அடுத்ததில் திரும்பி வந்துகொண்டிருக்கும். குத்து பட்டதா இல்லையா என்பதற்கு அந்தப் படச்சுருளில் சாட்சியே கிடையாது. இப்போது கணினி மென்பொருளால் பழைய படங்களை வழவழவென்று ஓடவைக்கிறார்களே, அதில் நடுவில் சேரும் ஃபிரேம்கள் எல்லாம் கணினியின் ஊகம். பார்க்க அழகாக இருக்கும். அதை வைத்து ஒருவருடைய குத்தின் பாதையை ஆராய்வது, நடக்காத ஒன்றுக்கு மதிப்பெண் போடுவதுதான்.

அடுத்தது கோணம். எங்கள் போட்டிகளில் ரிங்கைச் சுற்றி வெவ்வேறு பக்கங்களில் ஐந்து ஜட்ஜுகளை உட்காரவைப்பது சும்மா இல்லை. என் பக்கம் முதுகைக் காட்டி நிற்கும் வீரன் வாங்கிய குத்து எனக்குத் தெரியாது. எதிர்ப்பக்கத்து ஜட்ஜுக்குத் தெளிவாகத் தெரியும். பழைய படத்தில் பெரும்பாலும் ஒரே கோணம், அதுவும் தூரத்திலிருந்து. கேமராவை நோக்கி வரும் குத்தின் ஆழம் தெரியாது. போதாததற்கு அந்நாளைய ஃபிலிம் பெரும்பாலும் சிவப்பை உணராது. கன்னம் அடிவாங்கிச் சிவந்திருக்கிறதா, வெறும் நிழலா என்று எப்படிச் சொல்வது?

இத்தனையும் சண்டைப் படங்களுக்கே பொருந்தும். ஸ்பாரிங் படம் என்றால் இன்னொரு சுமையும் சேர்கிறது. ஸ்பாரிங்கில் ஒருவரையொருவர் வீழ்த்தும் எண்ணம் கிடையாது. பெரிய கையுறை, பாதி வேகம், கேமரா பார்க்கிறது என்ற உணர்வு. மாடியில் டன்னி ஒரு முன்னாள் சாம்பியனோடு, தன் தகப்பன் வயதுக்காரரோடு நிற்கிறார். முழு பலத்தோடு அடிக்கமாட்டார் என்பது சொல்லாமலே தெரியும். அதனால் இந்தப் படத்தைப் பார்த்து கார்பெட்டின் தாடை எவ்வளவு தாங்கும், குத்தில் எவ்வளவு பலம் இருந்தது, மூச்சு எத்தனை ரவுண்டு நிற்கும் என்று யாராவது சொன்னால் நான் எழுந்துபோய்விடுவேன்.

ஆனால் ஸ்பாரிங்கைப் பார்த்து ஒருவரை எடைபோடவே முடியாது என்பவர்களுக்கும் ஒரு பதில் இருக்கிறது. அந்தப் பதிலைத் தந்தவர் கார்பெட்டேதான்.

அவர் சான் பிரான்சிஸ்கோக்காரர், 1866-ல் பிறந்தவர். வங்கியில் குமாஸ்தாவாக இருந்தார். ஒலிம்பிக் கிளப்பில் சேர்ந்து முறையாகக் குத்துச்சண்டை பயின்றவர். 1891 மே மாதம் பீட்டர் ஜாக்சன் என்ற மகத்தான கறுப்பின வீரரோடு 61 ரவுண்டு மோதினார், சண்டை வெற்றி தோல்வி இல்லாமல் நிறுத்தப்பட்டது. சாம்பியனாக இருந்த ஜான் எல். சலிவனோ கறுப்பின வீரர்களோடு மோதுவதில்லை என்று கதவைச் சாத்தியிருந்தார். ஜாக்சனுக்கு அந்தப் பட்டத்துக்கான வாய்ப்பு கடைசிவரை கிடைக்கவே இல்லை. கார்பெட்டைப் புகழும்போது இதை மறக்கக் கூடாது என்பது என் கட்சி.

அதே ஆண்டு ஜூனில் சலிவன் சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்தார். நாடக அரங்கில் ஒரு காட்சி ஸ்பாரிங், எதிரில் கார்பெட். சலிவன் ஒரு விசித்திரமான நிபந்தனை போட்டார்: இருவரும் இரவு விருந்துக்குப் போடும் கோட்டும் சூட்டுமாக மேடையேற வேண்டும். கூட்டம் ஏமாற்றத்தில் முணுமுணுத்தது. யாரும் யாரையும் அடிக்கவில்லை. ஆனால் கார்பெட் அந்தச் சில நிமிடங்களில் போக்குக் காட்டிக்கொண்டே இருந்தார். தோளை லேசாக அசைப்பார், குத்து வராது. ஒவ்வொரு அசைவுக்கும் சலிவனின் உடம்பு பதில் சொன்னது. இந்த மனிதரை நினைத்த பக்கம் இழுக்கலாம் என்று அன்றே முடிவுக்கு வந்ததாகப் பிற்பாடு தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதினார். 1892 செப்டம்பர் 7-ம் தேதி நியூ ஆர்லியன்ஸில் தன்னைவிட 30 பவுண்டுக்குமேல் எடை கூடிய சலிவனை 21-வது ரவுண்டில் வீழ்த்தினார்.

அடி இல்லாத ஒரு ஸ்பாரிங்கில் கார்பெட் பார்த்தது எதிராளியின் குத்தை அல்ல. அவர் பார்த்தது எதிராளி எதற்கு அசைகிறார் என்பதை. மாடிப் படத்தை நான் பார்க்கும் முறையும் அதுதான்.

பையன்களோடு லேப்டாப்பில் இதைப் போட்டுப் பார்த்தபோது முதலில் எழுந்த குரல், "மாஸ்டர், கை எவ்ளோ கீழ இருக்கு பாருங்க! ஒரு ஹூக் விட்டா காலி."

"ஹூக் விடணும்னா எவ்ளோ கிட்ட வரணும்?"

"கிட்ட வரணும்தான்."

"கையை விடுடா. ரெண்டு பேரோட முன்னங்காலுக்கும் நடுவுல எத்தனை ஷூ நீளம் இருக்குன்னு எண்ணு."

இதுதான் அளவுகோல். பழைய படத்தில் நொடியை நம்ப முடியாது, ஷூவை நம்பலாம். இருவரும் கேமராவுக்குப் பக்கவாட்டில் நிற்கும் தருணத்தில் படத்தை நிறுத்திவிட்டு, ஒருவருடைய முன்னங்கால் நுனியிலிருந்து மற்றவருடைய முன்னங்கால் நுனிவரை எத்தனை ஷூ நீளம் என்று அளக்க வேண்டும். படம் வேகமாக ஓடினாலும் மெதுவாக ஓடினாலும் இந்த அளவு மாறாது. பிறகு சில ஃபிரேம் நகர்த்தி மறுபடி அளக்க வேண்டும். கார்பெட் முன்னே வருகிறாரா, டன்னி வருகிறாரா, இடைவெளியைக் குறைப்பது யார், மறுபடி திறப்பது யார் என்று ஒரு கதை தெரியத் தொடங்கும்.

அந்தக் கதையில் என் கண்ணுக்குப் பட்டது இது. கார்பெட் நிமிர்ந்து நிற்கிறார். இடதுகை நீண்டு, கீழே. உடம்பின் பாரம் பின்னங்காலை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. தலை பின்னங்காலுக்கு மேலே. டன்னியின் ஜாப் எட்டுவதற்குத் தேவையான தூரம் அதனால் கணிசமாகக் கூடுகிறது. அதாவது கால்கள் ஓர் இடத்தில் இருக்கின்றன, தலை வேறொரு இடத்தில் இருக்கிறது. எதிராளி காலைப் பார்த்து "எட்டும்" என்று நினைத்துக் கையை விட்டால் தலை அங்கே இருக்காது. அவர் தலையைப் பின்னுக்கு இழுக்கும்போது பின்பாதம் முன்னதாகவே தயாராக இருக்கிறது. தடுமாறுவதில்லை. கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதும் இல்லை. நாங்கள் பையன்களுக்கு முதல் மாதம் முழுக்கச் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். அறுபது வயதில் அது மறக்காமல் இருக்கிறது என்றால் உடம்பில் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்க வேண்டும்!

அடுத்து டன்னியைப் பார்க்க வேண்டும். ஸ்பாரிங் படத்தில் ஒருவருடைய திறமைக்கு நல்ல சாட்சி எதிரில் நிற்பவருடைய உடம்பு. கார்பெட்டின் இடதுதோள் ஒரு விரற்கடை முன்னால் அசைகிறது, குத்து வரவில்லை. டன்னியின் வலதுகை எழுகிறதா? பாதம் பின்னே நகர்கிறதா? டன்னி சாதாரண ஆள் அல்ல. தொழில்முறை வாழ்க்கை முழுவதும் ஹாரி கிரெப் ஒருவரிடம் மட்டுமே தோற்றவர், எதையும் யோசித்துச் செய்கிறவர். மரியாதைக்காகக் குத்தைக் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் போக்குக் காட்டும்போது துள்ளும் கையை மரியாதைக்காகத் துள்ளவைக்க முடியாது. அது யோசிப்பதற்கு முன்னால் நடந்துவிடும். அந்த மாடியில் டன்னியின் கை அப்படி எழுவதை நான் நம்புகிறேன். பிற்காலத்தில் டன்னியும் அந்த முதியவரின் திறமையைப் பற்றி வியந்தே பேசினார்.

கையைத் தொங்கவிடுவது பற்றி ஒரு வார்த்தை. அது அறியாமை அல்ல. இன்று ஹெவிவெயிட் தொழில்முறைச் சண்டைக்கு 10 அவுன்ஸ் கையுறை, ஸ்பாரிங்குக்கு 16 அவுன்ஸ். முகத்துக்கு முன்னால் தூக்கிப் பிடித்தால் பாதி முகம் மறையும். கார்பெட் சலிவனோடு மோதியது 5 அவுன்ஸ் கையுறையில். அதை வைத்து மூடினால் இடுக்கு வழியாகக் குத்து வந்துவிடும். ஆகவே மூடுவதைவிட, எட்டாத தூரத்தில் நிற்பதும் வரும் கையைத் திறந்த உள்ளங்கையால் தட்டிவிடுவதும் பாதுகாப்பு. இன்னொரு காரணம், அவருக்கு முந்தைய தலைமுறை வெறுங்கையில் மோதியது. அந்த வெறுங்கைச் சண்டையின் விதிகளில் இடுப்புக்கு மேலே பிடித்துத் தூக்கியெறிய அனுமதி உண்டு. பிடிபடாத தூரத்தில் நிற்பது அந்தத் தலைமுறையின் சொத்து. மூன்று நிமிட ரவுண்டு, ஒரு நிமிட ஓய்வு என்ற குயின்ஸ்பெரி விதிகள் 1867-ல் வந்தாலும், கையில் கையுறை ஏறிய பிறகும் காலில் பழைய பாடம் தொடர்ந்தது. சண்டைக்கு எத்தனை ரவுண்டு என்ற வரம்பு பல சமயம் இல்லாததால் கையை உயர்த்தியே வைத்துத் தோளைக் களைக்கவிடுவதும் முட்டாள்தனம்.

மாடிப் படத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது. நல்ல வேளை, கார்பெட் சினிமாவோடு சேர்ந்தே வளர்ந்தவர். 1894 செப்டம்பர் 7-ம் தேதி, சலிவனை வென்ற அதே தேதியில், நியூ ஜெர்சியின் வெஸ்ட் ஆரஞ்சில் எடிசனின் 'பிளாக் மரியா' ஸ்டூடியோவில் பீட்டர் கோர்ட்னி என்பவரோடு ஆறு ரவுண்டு ஆடினார். கறுப்புத் தார்க் காகிதம் ஒட்டிய கொட்டகை. வெயில் உள்ளே விழக் கூரை திறக்கும், சூரியன் நகர நகரக் கொட்டகையையே தண்டவாளத்தில் சுற்றித் திருப்புவார்கள். கினெட்டோஸ்கோப் பெட்டியின் துளை வழியே ஒரு நேரத்தில் ஒருவர் எட்டிப்பார்க்கும் படம் அது. ஃபிலிம் நீளம் அனுமதித்த ஒரு நிமிடச் சொச்சம்தான் ஒரு ரவுண்டு. ஆறாவதில் கோர்ட்னி விழவேண்டும் என்பது ஏற்பாடு, விழுந்தார்.

இதன் மிச்சத் துண்டை வைத்து கார்பெட்டை மட்டம் தட்டுகிறவர்கள் உண்டு. நகரவே இல்லையே என்கிறார்கள். எங்கே நகர்வது? கேமரா நகராது, அதன் பார்வைக்குள் அடங்குவதற்காக வெகு சின்ன ரிங் போட்டிருந்தார்கள். காலால் பிழைக்கும் ஒருவரை அங்கே நிறுத்திவிட்டு அவருடைய கால்வேலை எங்கே என்று கேட்பது நியாயமில்லை. கார்பெட் நாடக நடிகரும்கூட, கேமராவுக்குள் எப்படி நிற்க வேண்டும் என்பது தெரியும். அந்தப் படத்தில் தெரிவது தேர்ந்த ஒரு நடிகர், அவருக்குள் மடக்கிவைக்கப்பட்ட ஒரு குத்துச்சண்டை வீரர். மதிப்பெண் போட அது உதவாது.

1897 மார்ச் 17-ம் தேதிப் படம்தான் பெரிய சாட்சி. நெவாடாவின் கார்சன் சிட்டியில் பாப் ஃபிட்ஸ்சிம்மன்ஸோடு நிஜச் சண்டை. எனோக் ரெக்டர் என்பவர் வழக்கமான 35 மில்லிமீட்டருக்குப் பதிலாக 63 மில்லிமீட்டர் அகல ஃபிலிமைக் கொண்டு எடுத்தார். ரிங் முழுவதும் ஒரே சட்டத்துக்குள் வரவேண்டும் என்பதற்காக அந்த அகலம். எனக்கு இது சினிமா வரலாற்றைவிடக் குத்துச்சண்டைக்குக் கிடைத்த கொடையாகத்தான் படுகிறது, ஏனென்றால் இருவருடைய கால்களும் எப்போதும் தெரிகின்றன. முழுப் படம் ஒன்றரை மணி நேரத்துக்குமேல் ஓடியது, இன்று மிஞ்சியிருப்பது ஒரு பகுதிதான். அந்தப் பகுதியில் 30 வயது கார்பெட்டை அளந்துபாருங்கள். அதே சாய்ந்த பாரம், அதே நீண்ட இடதுகை, அதே இடைவெளி. மாடிப் படத்தில் முதியவர் செய்துகாட்டுவது கேமராவுக்காகப் போட்ட வேஷம் இல்லை, இளமையில் நிஜச் சண்டையில் செய்தது என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டாம்.

அந்தச் சண்டையில் அவர் தோற்றார். ஆறாவது ரவுண்டில் ஃபிட்ஸ்சிம்மன்ஸைக் கீழே விழவைத்தவர், 14-வது ரவுண்டில் வயிற்றின் மேல்குழியில் இடதுகைக் குத்து வாங்கி உட்கார்ந்துவிட்டார், எழமுடியவில்லை. ஃபிட்ஸ்சிம்மன்ஸ் அந்தக் கணத்தில் பின்னங்காலை முன்னே வைத்து நிற்கும் பக்கத்தையே மாற்றிவிட்டார். கார்பெட் பத்திரமாக வைத்திருந்த தூரத்தை ஒரே அடியில் விழுங்கிய கால்மாற்றம் அது. தலையைப் பின்னுக்கு இழுக்கும் முறையின் ஓட்டையும் இங்கேதான் இருக்கிறது: தலை போகிறது, வயிறு அங்கேயே நிற்கிறது. கடைசி ரவுண்டில் ஃபவுல் நடந்ததா என்று பார்க்கவே அன்று பலர் அந்தப் படத்துக்குப் போனார்கள். கண்ணால் பார்த்த பிறகும் தகராறு தீரவில்லை. கையைப் பார்த்தவர்களுக்கு அது தீராதுதான்.

டன்னியிடம் திரும்புவோம். 1921 ஜூலை 2-ம் தேதி ஜெர்சி சிட்டியில் கார்ப்பென்டியர் என்ற வீரரோடு டெம்ப்சி மோதிய அன்று முன்னதாக நடந்த போட்டிகளில் டன்னியும் ஒருவராக ரிங்கில் இறங்கியிருந்தார். அன்று இரண்டாவது ரவுண்டில் கார்ப்பென்டியரின் நேர் வலதுகை டெம்ப்சியை உலுக்கியது. அது டன்னியின் மனதில் தங்கிவிட்டது. டெம்ப்சியின் சண்டைப் படங்களையும் உட்கார்ந்து படித்தார். அவர் கண்டுகொண்டது இது: எவ்வளவு பாய்ந்து வருகிறவனாக இருந்தாலும் நேர் வலதுகைக்கு ஓர் இடைவெளி உண்டு, அந்த இடைவெளிக்குத் தூரத்தைக் காலால் உண்டாக்க வேண்டும்.

என் மதிப்பெண் தாளை நிரப்பிவிடுகிறேன். தூரத்தை ஆள்வதில் கார்பெட்டுக்கு முழு மதிப்பெண். போக்குக் காட்டுவதிலும் முழு மதிப்பெண். நிலை குலையாத பாதத்துக்கு அதே. வயிற்றைக் காப்பதில் குறைவு, அதற்குச் சாட்சி கார்சன் சிட்டி. குத்தின் பலம், தாங்கும் சக்தி, இன்றைய 250 பவுண்டு ஹெவிவெயிட்டை எதிர்த்து நிற்பாரா என்பது: இந்தக் கட்டங்களைக் காலியாக விடுகிறேன். ஸ்பாரிங் படம் அங்கே ஒன்றும் சொல்லவில்லை.

மாடிப் படத்தைப் பார்த்து முடித்தவர்கள் அடுத்து 1926 செப்டம்பர் 23, பிலடெல்பியா சண்டைப் படத்தைப் போடுங்கள். டெம்ப்சி எதிரே வருகிறார், டன்னி நேர் வலதுகையை விடுகிறார். முதல் ரவுண்டிலேயே அந்தக் கை விழுகிறது. அதற்கு முந்தைய இரண்டு எட்டுகளில் டன்னியின் பின்னங்கால் எங்கே போகிறது என்று பாருங்கள்.